பத்து நிமிஷ அம்மா

குளியலறைக் கதவை இரண்டு கையாலும் அடித்து வீட்டையே ரெண்டாக்கிக்கொண்டிருந்தாள் பாப்பா. வயது மூன்றாகப் போகிறது.

"அம்மா... வெளிய வா... இப்பவே வா..."

"தோ வந்துட்டேன்டா செல்லம்!" உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "என்னங்க, அவளைக் கொஞ்சம் தூக்கி வச்சுக்கங்களேன். தலையில ஷாம்பு போட்டுட்டேன்."

ஹாலில் உட்கார்ந்திருந்த கணவர் நிமிரக்கூட இல்லை. "இந்தப் பிரச்சினைக்குத்தானே நான் மண்டையை உடைச்சிட்டிருக்கேன்? நடுவுல தொந்தரவு பண்ணாதே."

பொய்யில்லை. பிள்ளை நிம்மதியாகக் குளிக்க விடவில்லை என்று மனைவி ஒருநாள் புலம்பியதுமே மனுஷருக்கு மூளையில் பல்பு எரிந்துவிட்டது. உலகத்தில் எத்தனை கோடி அம்மாக்கள்! எத்தனை கோடி குளியலறைக் கதவுகள்! கையிலிருந்த வேலையை விட்டார். துணிக்கடையில் நிற்கிற ஆளுயரப் பொம்மை ஒன்றை வாங்கி வந்து, அறுத்து, ஒட்டி, பஞ்சு திணித்து, அதோடே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து மனைவி அவரை 'விஞ்ஞானி' என்றுதான் சொல்கிறாள். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

"பத்து நிமிஷம் நீங்க பிள்ளையைத் தூக்கி வச்சுக்கிட்டா முடிஞ்சு போற விஷயம்ங்க இது."

"அது தற்காலிகத் தீர்வு" என்றார் விஞ்ஞானி.

நிரந்தரத் தீர்வின் பெயர், 'அம்மா மாதிரி'. கை கால் மடங்கும், உட்காரும். மனைவியின் பழைய நைட்டி, டோப்பா முடி, மடியில் வெந்நீர்ப் பை, வயிற்றுக்குள் ஸ்பீக்கர். ரிமோட் பட்டனைத் தட்டினால் மனைவியின் குரலிலேயே, "தோ வந்துட்டேன்டா செல்லம்" என்னும். சேமிப்பெல்லாம் அந்த வயிற்றுக்குள்தான் போயிருந்தது. இது விற்கவில்லை என்றால் பழைய முதலாளி முன்னால் போய்க் கை கட்டி நிற்க வேண்டியதுதான்.

ஒருவழியாக, குழந்தைப் பொருட்கள் விற்கும் பெரிய கடையின் முதலாளியம்மா நேரிலேயே பார்க்க வந்தார்.

சோதனை ஆரம்பம். மனைவி குளிக்கப் போனாள். ஹாலில் 'அம்மா மாதிரி' உட்கார்ந்திருந்தது. விஞ்ஞானியும் முதலாளியம்மாவும் சமையலறைக் கதவு இடுக்கில் நின்று பார்த்தார்கள்.

பாப்பா வந்தாள். பொம்மையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தோ வந்துட்டேன்டா செல்லம்" என்றது வயிறு.

"எங்க வந்த?"

"தோ வந்துட்டேன்டா செல்லம்."

"நீ அம்மா இல்ல!" டோப்பாவைப் பிடித்து ஒரே இழுப்பு. அடுத்த நொடி குளியலறைக் கதவில் பழைய கச்சேரி தொடங்கிவிட்டது.

முதலாளியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். "அரை நிமிஷம் தாங்கலை, சார். இதை என் கடையில வச்சா வாங்கினவங்க என்னை வந்து அடிப்பாங்க."

தலையில் நுரையோடு வெளியே வந்த மனைவி, கணவர் முகத்தைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. தன் தலை நுரையை நினைத்ததும் அந்தப் பாவம் போய்விட்டது.

"மேடம், ஒரு நிமிஷம் இருங்க."

பொம்மையின் நைட்டியை உருவினாள். கொடியிலிருந்த கணவரின் டி-ஷர்ட்டையும் லுங்கியையும் மாட்டினாள். பொம்மையை அவருடைய நாற்காலியில் உட்கார வைத்து, தலையைக் குனிய வைத்து, கையில் ஒரு பழைய செல்போனைச் செருகினாள்.

"குரல் பதிவு பண்ண வேணாமா?" என்றார் விஞ்ஞானி ஆவலாக.

"இவரு எப்பங்க பேசினாரு?" என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபடி குளிக்கப் போய்விட்டாள்.

கதவு இடுக்கில் மறுபடி இரண்டு தலைகள்.

பாப்பா நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். பொம்மையின் முழங்காலைப் பிடித்து ஏறி மடியில் உட்கார்ந்தாள். தொங்கிய கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஏதோ கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். யானை வந்தது, பஸ் வந்தது, யானை பஸ்ஸில் ஏறியது என்று அது பாட்டுக்குப் போனது. சிணுங்கல்கூட இல்லை.

மனைவி ஆற அமரக் குளித்து, தலை துவட்டி, உடை மாற்றிக்கொண்டு வந்தாள். பாப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுல இருநூறு அனுப்புங்க!" முதலாளியம்மாவுக்கு வாயெல்லாம் பல். "அம்மா மாடல் வேணாம். அப்பா மாடல் மட்டும் போதும். பிச்சுக்கிட்டுப் போகும்."

விஞ்ஞானிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "பார்த்தியா? பெத்த பிள்ளைக்கே வித்தியாசம் தெரியலை! எப்படி என் டிசைன்?"

வேறு ஒருவராக இருந்தால் இதை வெளியே சொல்லவே கூசியிருப்பார். இவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

வெற்றியை முழுசாக ருசிக்க வேண்டாமா? மகள் முன்னால் போய்க் குனிந்தார்.

"பாப்பா, இது யாருடா?"

"பொம்மை."

விஞ்ஞானியின் சிரிப்பு பாதியில் நின்றது. முதலாளியம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். "இல்லடா, சரியாப் பாரு. அப்பா மாதிரி இல்ல?"

"பொம்மைப்பா. நீ அந்தக் கதவுக்குப் பின்னால நின்னே. நான் பார்த்தேனே."

"பொம்மைன்னு தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் அது மடியில உட்கார்ந்திருந்தே?"

பாப்பா பொம்மையின் கையை இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

"இது 'இறங்கு'ன்னே சொல்லலைப்பா."