ஒன்பது குழியும் ஒரு கலியாணமும்

பந்து இன்றைக்கும் டம்ளருக்குள் போகவில்லை. சரித்து வைத்த சில்வர் டம்ளரின் வாய்க்கு நாலு விரல் முன்னால், நேற்று நின்ற அதே இடத்திலேயே வந்து நின்றது.

"நாப்பத்தொண்டு," என்று எண்ணினார் நாகேந்திரம். முகத்தில் அப்படியொரு திருப்தி.

வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீடு, காலை ஐந்தரை மணி. தேத்தண்ணியோடு வந்த கனகேஸ்வரி தலையில் கை வைத்தாள்.

"இஞ்சருங்கோ, நாப்பத்தொரு தரம் அடிச்சும் ஒண்டுகூட உள்ளுக்க போகேல்ல. சனிக்கிழமை என்ர மானத்தை வாங்கப் போறியள்."

"எல்லாம் ஒரே இடத்தில வந்து நிக்குதோ, அதைப் பாரும். முதல்ல கை சொல்லுக் கேக்கோணும். பிறகு பந்து எங்க போ எண்டாலும் போகும்."

அவள் பதறுவதிலும் நியாயம் இருந்தது. ஒரே மகள் சுபோதினிக்கும் கொச்சிக்கடைக் கிளின்ரனுக்கும் கலியாணம் முற்றாகி எட்டு மாதம். பிள்ளைகள் விரும்பினார்கள், பெரியவர்களும் தலையாட்டினார்கள். எங்கே வைத்துச் செய்வது என்பதில்தான் எல்லாம் இறுகி நின்றது.

கனகேஸ்வரி கோயில் என்றாள். மாப்பிள்ளையின் தாய் மாக்ரெட் சேர்ச் என்றாள். இரண்டு பேரும் வாய் நிறையச் சிரித்துக்கொண்டே ஒரு அங்குலமும் அசையவில்லை. சுபோதினியைக் கேட்டால், "எனக்கு எங்கயெண்டாலும் சரி அம்மா," என்று ஃபோனைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

அப்போதுதான் நாகேந்திரம் ஒரு யோசனை சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பன் செபஸ்தியன், துறைமுகத்தில் வேலை பார்த்த நாள் தொட்டுக் கோல்ப் விளையாடுகிறவர். "நானும் அவரும் ஒன்பது குழி ஆடுறம். குறைஞ்ச அடியில முடிச்சு வெண்டவரின்ர பக்கம் கேக்கிற இடத்தில கலியாணம். தோத்தவையள் பிறகு வாய் திறக்கப்படாது."

கனகேஸ்வரி முதலில் குதித்தாள். மட்டையைத் தொட்டே அறியாத மனுசன் என்னத்தை ஆடப்போகிறார்? ஆனால் இருபது வருசம் ஆடியும் செபஸ்தியன் இன்னும் ஒருத்தரையும் வென்றதில்லை என்று விசாரித்து அறிந்ததும், அவளே மாக்ரெட்டிடம் போய்க் கையடித்துச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து நாகேந்திரம் ஆளே மாறிப்போனார். லிஃப்ட் இருக்கிறதையே மறந்து நாலு மாடியும் படியால் ஏறினார். விடியப்புறம் மரீன் டிரைவில் நடை. இரவில் கொத்து ரொட்டி நின்று, தட்டில் குரக்கன் புட்டு வந்தது. பின்னேரங்களில் கோல்ப் மைதானத்தில் மட்டை தூக்கும் வேலுசாமியிடம் பாடம்.

"முழங்கால் நடுங்கினா பந்து அது இஷ்டத்துக்குப் போயிரும் சார். ஒம்பதாவது குழியிலயும் மொத குழி மாதிரியே நிக்கணும்," என்பார் வேலுசாமி. நாகேந்திரம் அப்படியே நின்றார், மழை நாளிலும் நின்றார். காற்சட்டைக்குப் பட்டி புதிதாக வாங்கவேண்டி வந்தது.

போட்டிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, கனகேஸ்வரி வெயிலில் வாடி வீடு வந்து சேர்ந்தாள்.

"பிள்ளையாருக்குத் தேங்காய் சொல்லியாச்சு. அப்பிடியே கொச்சிக்கடைக்கும் போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறன்."

"என்னெண்டு கேட்டனீர்?"

"நீங்கள் வெல்லோணும் எண்டுதான்."

"அவரின்ர சேர்ச்சில நடக்கப்போற கலியாணத்தை நிப்பாட்டச் சொல்லி அவரிட்டயே கேட்டனீரோ?"

"செவ்வாய்க்குச் செவ்வாய் போற என்னை அவர் விட்டுக்குடுக்க மாட்டார்!"

சுபோதினி சிரிப்பை அடக்க மாட்டாமல் அறைக்குள் ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. கனகேஸ்வரியும் மாக்ரெட்டும் ஒரே குடையின் கீழ் ஒன்பதாவது குழியடியில் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள்.

செபஸ்தியனின் முதல் பந்தே தண்ணீருக்குள் போனது. "காத்து சம்பந்தி, காத்து," என்றார். என்ன கஷ்டகாலமோ, நாகேந்திரத்தின் பந்தும் அதே தண்ணீரைத் தேடிப் போனது. இவர் மணலுக்குள் அடித்தால் அவரும் மணலுக்குள். எட்டுக் குழி முடிய இரண்டு பேரும் சரிசமன்.

ஒன்பதாவதில் செபஸ்தியன் எட்டு அடியில் முடித்துவிட்டார். நாகேந்திரம் ஏழு தரம் அடித்திருந்தார், குழி இன்னும் இரண்டே காலடித் தூரம். இது விழுந்தால் சமன், இன்னொரு நாள் திரும்ப ஆடலாம். விழாவிட்டால் சேர்ச்.

"பார்த்து அடியுங்கோப்பா!" என்று கத்திவிட்டுக் கனகேஸ்வரி கண்ணை இறுக்கி மூடினாள்.

டொக்.

கண்ணைத் திறந்தபோது பந்து குழிக்கு இந்தப் பக்கம் சாதுவாக நின்றுகொண்டிருந்தது.

"ஐயோ மாக்ரெட், நான் வெண்டுட்டேனா?" செபஸ்தியனால் நம்ப முடியவில்லை. "வேலுசாமி, இன்னொருக்கா எண்ணிப் பாரு!"

கனகேஸ்வரி மூக்கைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கையடிச்சுத் தந்தனான், மாறமாட்டன். ஆனால் பலகாரம் முழுக்க எங்கட வீட்டிலதான் சுடுறது." மாக்ரெட் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று தளர்ந்த குரலில் சொல்லிவிட்டு, நாகேந்திரம் தலையைக் குனிந்தபடி மரங்களுக்குப் பின்னால் நடந்தார். யாரும் வரவில்லை என்று பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டு, ஃபோனை எடுத்துச் சுபோதினிக்கு அடித்தார்.

"மகள், நீ ஆசைப்பட்டபடியே தோத்துக் குடுத்திட்டன்!"