பாக்கெட்டின் பின்பக்கம்

வலது தோள்பட்டை எரிந்தது. அன்று ஒரே ஆளாக முந்நூறு பெட்டி ஏற்றியிருந்தேன்.

பெட்டிக்கு இருபத்துநாலு பாக்கெட். பாக்கெட்டுக்கு இருநூறு மில்லி தேங்காய்ப்பால். பெட்டிக்குள் இருப்பது பாலா கல்லா என்று சுமக்கிற தோளுக்குத் தெரியாது.

மூலை நசுங்கிய பாக்கெட் ஒன்றை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கினேன். நான் யாரிடமும் எதையும் கேட்டு வாங்குகிறவன் இல்லை.

கதவைத் திறந்தால் அப்பாவின் கட்டில்தான். அவர் கையில் கொடுத்தேன்.

நான் பெட்டி ஏற்றுகிற அதே கம்பெனியில் அப்பா முப்பது வருடம் தேங்காய் உரித்தவர். தரையில் நட்ட கூரான இரும்பில் காயைக் குத்தி, மூன்றே திருகலில் மட்டையைக் கழற்றிவிடுவார். நாளொன்றுக்கு ஆயிரம் காய்க்குக் குறையாது. உரித்த காய் சுவருக்கு அந்தப்பக்கம் போய்விடும். உரிக்கிறவர்களுக்கு அங்கே போக அனுமதி கிடையாது.

தேங்காய்ப்பாலைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறவன் கிறுக்கன் என்பார் அப்போது. சிறுநீரகம் இரண்டும் போன பிறகுதான் அதன்மேல் ஆசை வந்தது.

"முப்பது வருஷம் உரிச்சேன்டா. உள்ள அப்படி என்னதான் பண்றானுங்கன்னு ஒரு வாய் பாத்துடுறேன்."

ஸ்ட்ராவின் உறையைப் பிரிக்க முடியாமல் அவர் விரல்கள் தடுமாறின. அதற்குள் அம்மா வந்து பிடுங்கிக்கொண்டாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் பாக்கெட்டைத் திருப்பினாள். முன்பக்கத்துத் தென்னை மரப் படத்தையெல்லாம் அவள் பார்ப்பதே இல்லை. பின்பக்கத்துப் பொடி எழுத்தில், தலையில் பேன் பார்க்கிறவளைப்போல் வரி வரியாக விரலை நகர்த்தினாள்.

அம்மா படித்தது இரண்டாம் வகுப்பு. மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அவளுக்கு இரண்டு சொற்களைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பொட்டாசியம். பாஸ்பேட். ஆகாதவர்களின் முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்வதுபோல் அவள் அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் விரல் படாமல் எந்தப் பொட்டலமும் வீட்டுக்குள் வந்ததில்லை.

காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பாள். அப்பா குடிக்கிற தண்ணீர் நாள் முழுக்க அரை லிட்டர், அளந்துதான். அவருக்கென்று தனிச் சமையல் வைக்கவில்லை. நாங்களும் மூன்று வருடமாக உப்பில்லாமல்தான் தின்றோம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்களே, என்னை எப்போது போடப்போகிறாய் என்று அப்பா அவளைச் சீண்டுவார்.

"தண்ணி... தேங்காப்பால் எட்டு சதவீதம்..." அம்மா எழுத்துக்கூட்டினாள்.

"எட்டா?" அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்போ நான் உரிச்ச மத்த காயெல்லாம் எந்தக் குளத்துல கொட்டினானுங்க?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. சர்க்கரையைத் தாண்டினாள். கெட்டியாக்கப் போடுகிற பசையைத் தாண்டினாள். அடுத்த வரியில் விரல் நின்றது.

டை பொட்டாசியம் பாஸ்பேட்.

"ரெண்டு எமனும் ஒண்ணா உக்காந்திருக்கான். ஏண்டா, உங்கப்பன் உயிரோட இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா? பத்தாவது வரைக்கும் படிச்சவன்தானே நீ?"

பதில் தொண்டைவரை வந்தது. அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததை விழுங்கினேன்.

அம்மா மூலையைக் கத்தரித்து, பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்தாள். வெள்ளையாக இறங்கிப் போனது.

"கொட்டினது கொட்டிட்ட. மோந்தாவது பாக்குறேன், குடு."

அம்மா யோசித்தாள். மோந்து பார்ப்பதைப் பற்றி நர்ஸ் எதுவும் சொல்லியிருக்கவில்லை. காலிப் பாக்கெட்டை நீட்டினாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

"காய் வாசமே இல்ல. சோப்பு வாடை அடிக்குது. நல்லவேளை, குடிக்கல" என்றார் அம்மாவைப் பார்த்து.

சொன்னாரே தவிர, பாக்கெட்டைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

அடுத்த டயாலிசிஸ் நாள் வருவதற்கு முன்பே, ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொல்கிறாள். கடைசிவரைக்கும் ஆகாதது ஒரு சொட்டு அவர் வாயில் படவிடவில்லை. வந்தவர்கள், உன்னைப்போல் யார் பார்ப்பார்கள் என்கிறார்கள். அதைக் கேட்கும்போது மட்டும் அவள் முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. அதற்குப் பிறகுதான் ஒரு வாய் சாப்பிடுகிறாள்.

நான் அந்தப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கியதற்கு முந்தின நாள், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தார். இனி எதுவும் செய்வதற்கில்லை, சில நாட்கள்தான் என்றார். பத்தியத்தையெல்லாம் விட்டுவிடுங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள், வீட்டில் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள் என்றார்.

சரி என்று தலையாட்டினேன்.

அம்மாவிடம் அதைச் சொல்லவேண்டிய கடன் இன்னும் தீரவில்லை.