மாஸ்டர் குளிக்கிறார்

தினமும் திட்டுற பொண்டாட்டி திடீர்னு திட்டறதை நிறுத்திட்டா, நீங்க என்ன பண்ணுவீங்க?

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சந்தோஷப்பட்டார்.

"சார்ஜ் போட்ட போனை பாத்ரூமுக்குள்ள கொண்டு போகாதீங்க, தண்ணிக்கும் கரண்டுக்கும் ஆகவே ஆகாது"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துனவ, ஒரு வாரமா கப்சிப்.

பெல்ட் போடாதவனைப் பார்த்தா வறுத்தெடுக்கற மனுஷன்தான் மாஸ்டர். ஆனா வீட்டுல, பெட்ரூம்லேருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கதவுக்கடியில இழுத்து, குளியல் தொட்டி ஓரத்துல போனை சாய்ச்சு வெச்சு, கழுத்தளவு தண்ணியில கிடந்து காமெடி பார்ப்பார். பேட்டரி கிழடு. வயரை உருவினா உயிர் போயிடும், போனுக்கு.

சனிக்கிழமை சாயங்காலம். வீடியோ சுத்திக்கிட்டே நின்ன நேரத்துல, வெண்டிலேட்டர் வழியா கிசுகிசுன்னு பேச்சு.

"சத்தம் வராதுல்ல அண்ணா?" பொண்டாட்டி குரல்.

"மூச்சு கூட வராது." ஒயர்மேன் மச்சான் குரல். "வயர்ல சின்னதா ஒரு வேலை. மீதியை மாப்பிள்ளையே பாத்துப்பார்."

"போலீஸ் வந்தா?"

"எவ்வளவோ சொன்னேன், கேக்கலையேன்னு அழு. நீ கத்துனதுக்குத் தெருவே சாட்சி."

"எனக்கு அழுகை வருமா தெரியலையே."

"வெங்காயம் வாங்கி வெச்சுக்கோ. எப்போ முடிக்கலாம்?"

"நாளைக்கே. ஞாயித்துக்கிழமைன்னா ரொம்ப நேரம் ஊறுவார்."

வெந்நீருக்குள்ளயே மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டுச்சு. எழுந்த வேகத்துல துண்டைக் கட்டினாரா, ஸ்க்ரீனைக் கட்டினாரான்னு அவருக்கே தெரியாது. பெட்ரூமுக்கு ஓடி பிளக்கைப் பிடுங்கினார். எக்ஸ்டென்ஷன் வயரைக் கத்திரியால கண்டதுண்டமா வெட்டிக் குப்பையில போட்டார். போலீசுக்குப் போகலாமா? 'பாத்ரூம்ல போன் எதுக்கு'ன்னு அவங்களும் அதையேதான் கேப்பாங்க.

ஹாலுக்கு வந்தா, மச்சான் சோபாவுல கால் மேல கால் போட்டு டீ குடிக்கிறார்.

"என்ன மாப்பிள்ளை, அதுக்குள்ள குளிச்சாச்சா?"

"அழுக்கு போனா போதாதா மச்சான்? போனெல்லாம் இனிமே ஹாலிலேயே சார்ஜ் ஏறட்டும். சும்மா... எனக்கே தோணிச்சு."

சொல்லிட்டு ஓரக்கண்ணால பொண்டாட்டியைப் பார்த்தார். போட்ட பிளான் புட்டுக்கிச்சேன்னு முகம் கொஞ்சமாவது வாடணுமே? அவ பாட்டுக்கு இன்னொரு டம்ளர்ல டீ ஊத்தி அவர்கிட்ட நீட்டினா.

சரியான கல்லுளிமங்கி, உயிர் தப்பிச்சோம்டா சாமின்னு, அந்த டீயை மெதுவாத் தொட்டிச் செடியில ஊத்தினார் மாஸ்டர்.

மறுநாள் காலையில பக்கத்து வீட்டு அக்கா வந்து, "எங்க வீட்டுக்காரரும் இதே சார்ஜர் கேஸ்தான் தம்பி, எங்க வெண்டிலேட்டருக்கு வெளியவும் நின்னு அந்தக் கொலைத் திட்டத்தைக் கொஞ்சம் காதுல விழற மாதிரி பேசிட்டு வாங்க"ன்னு மச்சானைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க.