பதினொரு பேருக்கான தானம்

நல்ல கிணற்றை எதற்காக மூடி வைத்திருக்கிறீர்கள் என்று பத்மலதா கேட்டாள். மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள்.

"உவர்த் தண்ணி, மிஸ்."

"உள்ளுக்குப் பாம்பு கிடக்குது, மிஸ்."

மூன்றாவது ஆள் கிராமச் சங்கத் தலைவர் குணபால. "கட்டு இடிஞ்சு போச்சு," என்றார். கட்டு கல்லுப்போல நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் சீமெந்து மூடி, மூடியைச் சுற்றி வாடாமல்லிப் பாத்தி. பாத்தியில் ஒரு காய்ந்த இலைகூட இல்லை.

மூன்று பேரும் சிரித்த முகத்தோடுதான் பொய் சொன்னார்கள்.

மாவட்டத்தின் சிறந்த கிராமத்தைத் தேர்ந்தெடுக்க மாவட்டச் செயலகம் அனுப்பிய ஆள் அவள். காலையிலிருந்து சுற்றிப் பார்க்கிறாள். கசிப்புச் சாராயம் இல்லை, வேலிச் சண்டை இல்லை. பொலிசுக்கு ஒரு முறைப்பாடு போய் முப்பது வருஷம் ஆகிறதாம். வீட்டுக்கு வீடு, வழிப்போக்கர் குடிக்க வாசலில் தண்ணீர்ப் பானை. ஊர் நடுவில் கிணற்றை வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரை அரை மைல் தள்ளியிருக்கிற குளத்திலிருந்து சுமந்து வருகிறார்கள். அட, இப்படியும் ஒரு ஊரா!

மனிதர்கள் சும்மா இவ்வளவு நல்லவர்களாக இருக்க மாட்டார்கள். இவர்கள் எதையோ மறைக்கிறார்கள்.

அவளுக்கு இது பழகிப்போன சந்தேகம். அண்ணன் லீலானந்தவை ஆமிக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் அவள் மோப்பம் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். அது எண்பத்தொன்பதாம் ஆண்டு, கிளர்ச்சிக்காரர்கள் என்று இளைஞர்களைப் பிடித்துப்போன காலம். இன்றைக்கு முப்பது வருஷமும் மூன்று நாளும்.

இதுவரை அண்ணன் பெயரில் ஒரு தானம் கொடுத்ததில்லை. பிக்குமாரை அழைத்துச் சோறு போட்டு, புண்ணியம் அவனுக்குச் சேரட்டும் என்று சொல்லிவிட்டால், அவன் செத்துப்போனான் என்று ஆகிவிடும்.

"வரப்போற பிள்ளைக்கு ஆராவது தானம் குடுப்பாங்களா?" என்று அம்மா கேட்பாள். எண்பது வயதாகியும் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டாள்.

பத்மலதாவும் லேசுப்பட்டவள் இல்லை. அவன் வந்து நின்றால் என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருக்கிறாள். முதலில் நன்றாகத் திட்டவேண்டும். பிறகுதான் சோறு.

"மிஸ், சாப்பிட்டுட்டுத்தான் போகோணும். இண்டைக்கு ஊர்த் தானம்." வெள்ளைச் சேலை உடுத்த சோமலதா வந்து கையைப் பிடித்தாள். அறுபது தாண்டியவள். காலையில் பாம்பு என்று சொன்னவள் இவள்தான்.

செவ்வாய்க்கிழமை. பௌர்ணமிப் போயா நாளும் இல்லை.

"ஆருக்குத் தானம்?"

"பொதுவா, மிஸ்." மறுபடியும் அதே சிரிப்பு.

கிணற்றடியில்தான் பந்தல் போட்டிருந்தார்கள். பிக்குமார் பலாக்காய்க் கறியோடு சாப்பிட்டு முடித்து ஓதத் தொடங்கினார்கள். ஊரே பாயில் உட்கார்ந்தது. கூஜாவிலிருந்து கோப்பைக்குத் தண்ணீர் வார்க்கவேண்டும், நிரம்பி வழியும்வரை. செத்தவர்களுக்குப் புண்ணியம் போய்ச் சேர்வது அப்படித்தான். நாலைந்து கைகள் கூஜாவைப் பிடித்துக்கொண்டன. அதில் ஒன்று, பத்மலதாவின் பக்கத்தில் இருந்த சோமலதாவின் கை.

இனிச் செத்தவர்களின் பெயரை வாசிப்பார்கள். பத்மலதா காதைத் தீட்டிக்கொண்டாள். பெயர் வந்தால் ஊரின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

குணபால எழுந்து ஒரு பழைய கொப்பியைத் திறந்தார்.

"கோடு போட்ட சாரம்."

"வெள்ளைச் சட்டை, பள்ளிக்கூடக் காற்சட்டை."

"சிவப்புப் பெனியன்."

இது என்ன கூத்து, சலவைக்குப் போட்ட துணியா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். சோமலதாவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"முப்பது வருஷத்துக்கு முந்தி, இதே நாள் விடியப்புறம் ஆமிக்காரங்கள் கொண்டுவந்து கிணத்தடியில போட்டாங்கள், மிஸ். பதினொரு பெடியன்கள், எல்லாம் பிணம். எங்களைக் கொண்டுதான் உள்ளுக்குத் தள்ளுவிச்சாங்கள். வாயைத் திறந்தா நீங்களும் உள்ளுக்கெண்டு சொல்லிப்போட்டுப் போனாங்கள். பேர் ஒண்டும் தெரியாது. உடுப்புத்தான் தெரியும்." அவள் கண்ணைத் துடைக்கவில்லை. "அதுக்குப் பிறகு இந்த ஊரில ஆரும் ஆரையும் அடிக்கக் கை ஓங்கினதில்லை."

குணபால வாசித்துக்கொண்டே போனார்.

"நீலச் சட்டை. ஒரு பொத்தான் மட்டும் கறுப்பு."

அன்றைக்கு வீட்டில் வெள்ளைப் பொத்தான் இருக்கவில்லை.

பத்மலதாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தையலில் தான் பெரிய ஆள் என்ற நினைப்பு. அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். "என்னடி இது, சட்டைக்குக் கண்ணு வச்சு விட்டிருக்கிறாய்?" என்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனான். பின்னேரம் ஜீப் வந்தது.

சோமலதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட ஆராவதா, தங்கச்சி?"

"இல்லை," என்றாள் பத்மலதா. "எங்கட அண்ணா வருவார்."

சோமலதா கூஜாவின் பிடியில் இருந்த தன் விரல்களைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டாள்.

ஒதுங்கிய இடத்தில் பத்மலதாவின் கை போய் இருந்தது. கோப்பை நிரம்பி வழிந்த பிறகும் அவள் அதை எடுக்கவில்லை.