குப்பை கொட்டும் மரம்

எந்த மரம் அதிகமாகக் குப்பை கொட்டும் என்று கேட்டாள்.

நர்சரிக்காரர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார்.

"நிழலுக்குத்தானேம்மா?"

"நிழல் எனக்கு. குப்பை பக்கத்து வீட்டுக்கு."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று விட்டுவிட்டார்.

பக்கத்து வீட்டு சகாயராஜ் போன மாதம் தன் புங்க மரத்தை வெட்டிச் சாய்த்தார்.

மரம் அவருடையதுதான். யார் இல்லையென்றது. ஆனால் அதன் மத்தியான நிழல் அவளுடையது. அதை வெட்ட அவளிடமல்லவா கேட்டிருக்க வேண்டும்.

அந்த இடத்தில் இப்போது ஒரு கார் நிற்கிறது. வெள்ளைக் கார். அதற்கு மேல் தகரம் போடக்கூட அவருக்கு இன்னும் நேரமில்லை.

மேற்கு வெயில் நேராக அவள் படுக்கையறைக்குள் வருகிறது. சுவரில் அப்பளத்தை ஒட்டினால் பொரிந்து விழும். ஃபேன் காற்றில் இட்லி வேகும். பல்லிகளெல்லாம் குடும்பத்தோடு காலி செய்துகொண்டு போய்விட்டன.

"நாட்டு பாதாம் எடுத்துக்கங்க. இலை கொட்டிக்கிட்டே இருக்கும்."

"பெரிய இலை. குனிஞ்சு பொறுக்கிடுவான்."

"தூங்குமூஞ்சி?"

"கொட்டுறது காஞ்ச இலை. தொடப்பம் போதும். தொடப்பத்துக்கு அடங்காதது எது?"

நர்சரிக்காரருக்கு இப்போது லேசாகக் குஷி பிறந்தது. தோட்டத்தின் கடைசிக்குப் போய், தூசி படிந்த ஒரு கறுப்புப் பையைத் தூக்கி வந்தார். இரண்டு சாண் கன்று.

"இலுப்பை. பூ விட்டா ஊர் வௌவால் அத்தனையும் வந்து இறங்கும். ராத்திரி பூரா திங்கும், துப்பும், பேலும். கார்ல பட்டா காலைல உளியை வச்சுத்தான் எடுக்கணும்."

ஒரு மாதத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"நிழல்?"

"அதைவிடக் குளிர்ச்சி வேற எது? ஆனா..."

"ஆனா?"

"மெதுவாத்தாம்மா வளரும். பூக்கப் பத்து வருஷம் ஆயிரும்."

அவர் பார்வை அவளுடைய நரைத்த கொண்டைக்குப் போயிற்று. உடனே மரியாதையாகத் தரைக்கு இறங்கியது.

"சீக்கிரம் வர்ற மாதிரி வேற ஒண்ணு தரட்டுமா?"

"எனக்கென்ன அவசரம்?"

அவர் தலை நிமிரவில்லை. அவள் கன்றைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை. மேற்கு மதில் சுவரை ஒட்டிக் குழி.

கூலிக்கு ஆள் வைக்கவில்லை. கடப்பாரையை ஒவ்வொரு முறை இறக்கும்போதும் சகாயராஜ் பெயரைச் சொல்லிக்கொண்டாள். மண் வெண்ணெயாக விட்டுக்கொடுத்தது.

கன்றை வைத்தாள். மண்ணை மிதித்து இறுக்கினாள்.

தன்னைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே இல்லை. இந்த ஆத்திரத்தோடு நூறு வயது வரை சுலபமாக ஓட்டிவிடலாம்.

நிமிர்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சகாயராஜ். பனியனோடு காரில் சாய்ந்து நிற்கிறார். சர்க்கரைக்காக இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த மனிதர். உள்ளங்கையில் யார் வீட்டுக் கல்யாண லட்டோ. ஒன்று வாய்க்குள் போய்விட்டது. இன்னொன்று போகப் போகிறது.

அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். வீங்கிய பாதங்களைப் பார்த்தாள்.

கன்றைப் பார்த்தாள். பூக்கப் பத்து வருஷம்.

கோபம் பொங்கி வந்தது.

"சார், அதைக் கீழ போடுங்க."

மரம் விழுந்த பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

லட்டு கை தவறிக் காரின் மேல் உருண்டது.

"நாளைக்கு விடிஞ்சதும் செருப்பை மாட்டிக்கிட்டு வாசல்ல நில்லுங்க. நடக்கப் போறோம்."

"எதுக்கு டீச்சர்?"

பல்லைக் கடித்துக்கொண்டு, கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.