கவிழ்த்து வைத்த பை

"ரெண்டு பை இருக்குதுல்ல? இன்னாத்துக்கு ஒண்ணு மட்டும் குடுக்கிற?"

தனசேகரன் போட்ட சத்தத்தில் கள்ளக்குறிச்சியின் அந்த ரத்த வங்கியே அதிர்ந்தது. மூங்கில்துறைப்பட்டில் ஒரே அதட்டலில் கரும்பு லாரியை நிறுத்துகிற தொண்டை அது. 2020 டிசம்பர், இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். அந்தப் பக்கத்துக்கு அவர்தான் தலைமை. பின்னால் பச்சமுத்துவும் நாலு பேரும்.

அவருடைய செல்ல மகள் அபிநயாவுக்கு டெங்கு. பிளேட்லெட் கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. உடனே ரெண்டு பை ஏற்ற வேண்டும் என்றிருந்தார் டாக்டர்.

டெக்னீஷியன் கண்ணகி, பைகளை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் மெஷின் தட்டிலிருந்து ரெண்டு பைகளையும் எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே காட்டி அசைத்தாள். ஒன்றில் பட்டுத்துணி மாதிரி மினுமினுப்பு சுழன்றது. மற்றது மினுமினுப்பே இல்லாமல் செத்துக் கிடந்தது. அதன் எண்ணைப் பதிவேட்டில் பார்த்தாள். அப்படியே மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"இது ஆவாதுங்கண்ணா. குடுத்தவரு ஏதோ நோவை மறைச்சிட்டாரு போல. வெள்ளை அணு ஜாஸ்தி. பைக்குள்ள இருந்த சக்கரையெல்லாம் அதே தின்னுடுச்சு. பிளேட்லெட்டு நாலே நாள்ல பாழாப் போச்சு."

"கதை வுடாதம்மா! நாலு நாள் முன்னாடி நடந்த ரத்ததான முகாம்ல மொத ஆளா ரத்தம் குடுத்தவன் நான். பேப்பர்ல போட்டோ வந்துது. வேலையிலதான் எங்களுக்கு இடமில்ல, ரத்தத்துலயுமா?"

அவர் மாஸ்க்குக்குள்ளிருந்து கிராம்பு வாசனை குப்பென்று அடித்தது.

"அப்டிக் கேளுண்ணே!" என்றார் பச்சமுத்து.

கண்ணகிக்குக் கோபமே வரவில்லை. "விழுப்புரத்துல சொல்லிட்டேன், வேற பை வந்துக்கினு இருக்கு. வழியில உங்க ஆளுங்க மறியல் பண்றாங்களாம். நீங்களே ஒரு போன் போட்டுடுங்க."

தனசேகரன் அசடு வழியப் போனை எடுத்தார். "டேய், அந்த வண்டிய வுடுங்கடா! நம்ம அபி உசுருடா!"

வண்டி பறந்து வந்தது. மறுநாள் காலையில் அபிநயா எழுந்து உட்கார்ந்து பரோட்டா கேட்டாள்.

தனசேகரன் ஆட்களோடு ஸ்வீட் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "மன்னிச்சுக்கம்மா. ஆனா பொய் சொல்லி ரத்தம் குடுத்த அந்தப் படுபாவி யாரு? சொல்லு, ஊரைக் கூட்டி நாறடிக்கிறேன்!"

"பேரு சொல்லக் கூடாதுங்கண்ணா," என்ற கண்ணகி பச்சமுத்துவிடம் திரும்பினாள். "நீங்கல்லாம் போய் டீ குடிச்சிட்டு வாங்களேன்."

அவர்கள் போனதும், "உங்க முகாம் அட்டைய எடுங்க," என்றாள்.

பேப்பர் போட்டோவோடு பத்திரமாக மடித்து வைத்திருந்த அட்டையை எடுத்தார். அதில் ரத்த வங்கி போட்ட பை எண் 214.

கழிப்பதற்கென்று ஓரமாக வைத்திருந்த பையைக் கண்ணகி திருப்பினாள். 214.

தனசேகரன் அட்டையையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்ல மாஸ்க்கை இறக்கினார். வலது கன்னம் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது.

"உங்க ஆளுங்க எதிர்ல வேணாம்னுதான் நேத்து கவுத்து வச்சேங்கண்ணா. மொதல்ல போய் அந்தச் சீழ் புடிச்ச பல்லைப் புடுங்குங்க!"