மலையில் மழையாம்

“வாரம் பூராவும் மழைம்மா.”

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

மகள் மோகனா விடாமல் போனைப் பார்த்து வாசித்தாள். திங்கள் கனமழை. செவ்வாய் கனமழை. புதன் இடியோடு. வால்பாறை மலைக்கு எந்த நாளில் ஏறுவதென்று மோகனாவுக்குத் தெரிய வேண்டும். அவள் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்தாயிற்று. முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். மணப்பெண் நெற்றியில் பட்டம் கட்டுவதும் அவர்தான்.

“ஒருத்தரும் போக வேண்டாம். எஞ் சித்தப்பா பையன் கட்டுவான்.”

தம்பி சென்னியப்பனோடு அவள் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

அப்பா செத்த அன்று வால்பாறையிலிருந்து கூப்பிட்டான். மழையாம். மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டதாம். “இங்க நல்ல வெயிலடிக்குதே,” என்றாள் அவள். உடுமலையில் பொட்டுத் தூறல் இல்லை.

மழையாம், மழை!

ஒரே மகன் வரவில்லை. பங்காளி வீட்டுப் பையன்தான் கொள்ளி வைத்தான். பெண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறான் என்று துக்கத்துக்கு வந்த சனத்திடமெல்லாம் சொன்னாள். அவனிடமும் சொன்னாள். அதோடு சரி.

“இதுல பழைய மழைக் கணக்கும் இருக்குதும்மா. எந்தத் தேதி வேணாலும் பாக்கலாம்.”

முறம் நின்றது.

“அம்மணி, தாத்தா போன தேதியப் போடு பாக்கலாம். அவன் யோக்கியத தெரிஞ்சுரும்.”

போட்டாள்.

இந்தத் தடவை மோகனா வாசிக்கவில்லை. போனை அம்மாவிடம் நீட்டினாள்.

உடுமலை, மழை இல்லை.

வால்பாறை, இருபத்தெட்டு சென்டிமீட்டர்.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“இருபத்தெட்டுன்னா நெறையவா?”

“நெறையத்தாம்மா.”

அடிப் பாவி, என்று தலையில் அடித்துக்கொண்டாள். தன்னைத்தான் சொன்னாள். பெற்ற அப்பனுக்குக் கொள்ளி வைக்க முடியாமல் அவன் மலை மேல் என்ன பாடு பட்டானோ. அந்த நேரத்தில் அந்தப் பேச்சையும் கேட்டானே.

மறுநாள் விடிந்ததும் தட்டில் வெற்றிலை, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துவைத்தாள்.

“மழை விட்டதும் போலாம்மா.”

கேட்கிற ஆளா அவள்?

ஆழியாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பாதி மலையில் பஸ் நின்றது. முன்னால் மண் சரிந்து கிடந்தது. இன்றைக்கு மேலே விட மாட்டார்களாம். டிரைவர் வண்டியைத் திருப்ப இடம் பார்த்தார்.

அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள்.

எடுத்தான்.

“சென்னியப்பா, அக்காடா. பத்திரிக்கை வெக்க வந்தேன். பாதி வழில பஸ் நின்னுபோச்சு.”

அடுத்த வார்த்தையைக் கஷ்டப்பட்டுச் சொன்னாள்.

“மழைடா.”

அந்தப் பக்கம் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

“இங்க நல்ல வெயிலடிக்குதேக்கா,” என்றான்.

“இருக்கும் சாமி,” என்றாள் அவள்.